ஸ்டெப்னிக்கு வேறு நட்டு

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கூச்சமாக இருக்கிறது. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். யாரால் என்றும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் உன் அம்மா மரக்காணம் பூத்திலிருந்து துபாய்க்கு உனக்குப் போன் போட்டாளே, அப்போது நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். குயிலாப்பாளையத்தில் ஒரு பெண், ஆரோவில்லில் தையல் வேலைக்குப் போகிறவள், பங்குச் சாமியாரே விசாரித்துச் சொன்ன இடம். அதை உனக்குச் சொல்லச் சிரித்துக்கொண்டே உள்ளே போன அம்மா வெளியே வரும்போது முகம் செத்துப்போயிருந்தது. நீ சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் என்னிடம் சொன்னாள். "என் கையை நம்பி எந்தப் பொண்ணையும் குடுக்காதம்மா. உன் காலை ஒடிச்ச கை இது." சொல்லிவிட்டு, கையில் பிடித்திருந்த கோலை ஊன்றி ஊன்றி வீடுவரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாள். நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு ஒரு வருடப் பழக்கம்.

கல்யாணம் பேசும் நேரத்தில் மகனுக்கு அப்பன் நாலு புத்திமதி எழுதுவது வழக்கம். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நான் எழுதப்போவது ஒரே ஒரு விஷயம். ஆனால் அதைப் பட்டென்று சொல்லிவிட்டால் நான் எவ்வளவு கெட்டவன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாமல் போய்விடும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை நீ வேலை பார்த்த மூர்த்தியின் ஒர்க் ஷாப்பில் கொடுத்து, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டச் சொல்லப்போகிறேன். அன்று ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் காதில் விழும்படிச் சொன்ன வார்த்தையை, ஒட்டிய கவருக்குள் உன்னிடம் மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வது ஆம்பளைத்தனம் இல்லை.

உப்பள முதலாளியிடம் நான் இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டினேன். அவருக்கு வண்டி மூன்று மாறியது, டிரைவர் மாறவில்லை. உப்பு வாங்க வரும் வியாபாரிகளிடம் அவர் என்னைக் காட்டி, "இந்த ஆள் கையில வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன். அது பொய் என்று உனக்கு இப்போது சொல்கிறேன். நீ ஆறாம் வகுப்பு படித்தபோது, அளத்துக்குப் போகும் மண் பாதையில் உப்பு லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பின்பக்கக் கதவை ஒரு கல் தூணில் உரசினேன். முதலாளி சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பதற்குள் பெயிண்ட் வாங்கி வந்து பஞ்சால் ஒற்றி, தேய்த்து, ஒன்றும் நடக்காததுபோல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. அன்று மாட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

சுனாமி வந்து போன அடுத்த வருடம், முதலாளியின் சம்பந்தி பளபளவென்று அலாய் சக்கரம் போட்ட காரில் வந்து இறங்கினார். இவருக்கு வயிறு எரிந்துவிட்டது. அடுத்த வாரமே பாண்டிச்சேரி போனோம். கடைக்காரர் ஐந்தாவதும் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு இவர், "வெளியில தெரியற நாலுக்குப் போட்டா போதும்யா. டிக்கிக்குள்ள கிடக்கிறதை யாரு பார்க்கப் போறா?" என்றார். அதனால் ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்புச் சக்கரம், பழைய ஒல்லி டயர். மற்ற நான்கும் அகலம். சக்கரம் மாட்டிய ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. இந்த ஸ்டெப்னி போட்டா அம்பதைத் தாண்டாதீங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்கும். இன்னொண்ணு, அலாய் நட்டு இந்த இரும்பு வீல்ல உட்காராது. பழைய நட்டு நாலு தரேன். டிக்கியிலேயே போட்டு வைங்க, எங்கயும் எடுத்துடாதீங்க." ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தான். நான் தலையை ஆட்டினேன்.

அந்த டிக்கி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எந்த வியாபாரியைப் பார்க்கப் போனாலும் முதலாளி சாம்பிள் உப்பு ஏழெட்டுப் பை ஏற்றிக்கொண்டுதான் போவார். பாத்தியிலிருந்து அள்ளிய ஈர உப்பு. கசிந்து கசிந்து டிக்கித் தரையே பூத்துப்போயிருக்கும். ஜாக்கியை நான் மாதம் ஒரு முறை கிரீஸ் தடவித்தான் காப்பாற்றி வந்தேன். பத்து நாளில் அந்த நான்கு நட்டிலும் துரு இறங்க ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கிரீஸ் பூசி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, நம் டிரங்குப் பெட்டியில் உன் ஞானஸ்நானச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கி, அதில் போட்டுத் திரும்ப டிக்கியில் வைப்பதாக யோசனை. டப்பா வாங்கவில்லை. மறந்தே போனேன். கவனக் குறைவால் வந்ததில்லை தம்பி இது, அதிகக் கவனத்தால் வந்தது. உப்பளத்துக்காரன் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அதுவரைக்கும் கூட என்னை மன்னிக்கலாம்.

உன் பெரியம்மா மகளுக்குப் பாண்டிச்சேரியில் வளைகாப்பு வைத்த நாளில் எனக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். முதலாளிதான், "உம் பையன் ஓட்டட்டுமேய்யா, லைசென்ஸ் இருக்குதில்ல" என்று தன் கார்ச் சாவியையே கொடுத்தார். நீ மூர்த்தியிடம் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாய். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று நான் உனக்கு எவ்வளவு புத்தி சொன்னேன், நினைவிருக்கிறதா? ஏசியை எப்போது நிறுத்துவது, விசேஷ வீட்டு வாசலில் எப்படி நிறுத்தினால் யாரும் உரச மாட்டார்கள், சாவியைச் சட்டைப் பையில் போடாதே, பேண்ட் பையில் போடு. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. உன் அம்மாகூட, "விடுங்க, அவன் என்ன சின்னப் புள்ளையா?" என்று சிரித்தாள். நன்றாக நடந்து போய்க் காரில் ஏறினாள். அவள் அப்படி நடந்ததை நான் பார்த்தது அதுதான் கடைசி.

திரும்பி வரும்போது கூனிமேட்டில் முன்பக்க இடது டயர் ஆணி குத்தி இறங்கியது. நீ ஸ்டெப்னியை மாற்றினாய். அங்கே நடந்ததை நீயும் அம்மாவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒர்க் ஷாப்பில் மோட்டார் சைக்கிளை மட்டுமே பிரித்துப் பழகிய உனக்கு, கழற்றிய நட்டையே மாட்டுவது இயல்புதான். இருந்தாலும் உன் கைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "என்னமோ சரியா உட்கார்ற மாதிரி தெரியலம்மா" என்றாயாம். அதற்கு அவள், "அப்பா எல்லாம் பார்த்துதான்டா வெச்சிருப்பாரு, மாட்டு" என்றாளாம். அந்த நிமிடம் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் அங்கே நின்றிருக்கிறேன். நல்லவனாக நின்றிருக்கிறேன்.

பிறகு நம் ஊர் உப்பளம் தொடங்கும் இடத்தில் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியதும், வண்டி சாய்ந்து வாய்க்காலில் இறங்கியதும், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கதவைப் பெயர்த்து அம்மாவைத் தூக்கியதும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதையே நீ ஒரு குற்றமாக எடுத்துக்கொண்டாய்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது முதலாளி எனக்கு முன்பே வந்துவிட்டார். அளத்து ஆட்கள், மூர்த்தி, உன் பெரியப்பா, எல்லோரும் வாசலில். நீ படிக்கட்டில் சட்டையெல்லாம் ரத்தமும் சேறுமாக உட்கார்ந்திருந்தாய். வண்டியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவன், "நட்டு நாலும் கழண்டு போயிருக்குதுங்க" என்றான். நட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு டிரங்குப் பெட்டி கண்ணுக்குள் வந்துவிட்டது. வேட்டித் துணி, அதில் போட்ட முடிச்சு, எல்லாம். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் சொன்னேன். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு கீறல் இல்லாமல் நின்றவன் நான். "ஒழுங்கா முடுக்கத் தெரியாத பய கையில வண்டியைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றேன். நீ தலையைத் தூக்கினாய். "நல்லாத்தானேப்பா முடுக்கினேன்" என்றாய், கேள்வி கேட்பதுபோல. நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "முடுக்கியிருந்தா அது ஏன்டா கழண்டுது?" என்றேன். அதன் பிறகு நீ தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவுக்கு மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். பெட்டியைத் திறந்தேன். நான்கும் அங்கேயே இருந்தன, துருவே இல்லாமல். புடவையை எடுத்துக்கொண்டு, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, அளத்துக்குத் தண்ணீர் வரும் பெரிய வாய்க்காலில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வந்து உனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். "சாப்பிடுடா, ஆனது ஆகிப்போச்சு" என்றேன். பெரிய மனது பண்ணி உன்னை மன்னித்த அப்பனாக ஊரும் என்னைப் பார்த்தது. நீயும் பார்த்தாய்.

அதற்குப் பிறகு நீ மாறியதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பாய், மறுபடி வந்து பார்ப்பாய். வாசல் தாழ்ப்பாளை மூன்று முறை இழுப்பாய். மூர்த்தி ஒரு நாள் வழியில் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, உங்க பையன் ஒரு போல்ட்டை மாட்டிட்டுப் பத்து வாட்டி தொட்டுப் பார்க்கிறான். கஸ்டமர் வண்டியை எடுத்துட்டுப் போனா பின்னாடியே ஓடுறான். என்கிட்ட வந்த பசங்கள்ல இவன் கை மாதிரி கை பார்த்ததில்ல. ஏதாவது சொல்லித் தேத்துங்க." நான் சொல்வதாகச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்கிறவன் நீ. அளத்து ஆயில் எஞ்சின் நின்றுபோனால் பதினாறு வயதிலேயே உன்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, துபாயில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலைக்குப் போனாய். ஏர்போர்ட்டில் என் காலைத் தொட்டு, "அம்மாவைப் பார்த்துக்கோங்கப்பா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். விமானத்துக்கு நேரமாகிறது என்று உன்னை அவசரப்படுத்தினேன்.

சொல்வதற்கு எனக்கு வாய்ப்பு வராமல் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். நீ போன மறு மாதம் கூனிமேட்டில் டீ குடிக்க நின்றேன். கடைக்கார பாய் என்னை அடையாளம் கண்டு, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். அப்புறம், "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் அண்ணே. அன்னிக்கு உங்க பையன் என் கடைக்கு எதிர்லதான் டயர் மாத்தினாரு. ஸ்பேனர் மேல ஏறி நின்னு முடுக்கினாரு, என் கண்ணால பார்த்தேன். அவரு மேல பழி சொல்றாங்களாமே, அல்லா மேல ஆணையா அது தப்பு" என்றார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு, "விதி பாய்" என்றேன். விதியாம்! நல்ல ஆள் அகப்பட்டது எனக்கு, பழி போட. தவக்காலத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். அவரிடம், "கோபப்பட்டேன், இரண்டு முறை குடித்தேன், பொய் சொன்னேன்" என்று வரிசையில் நடுவில் செருகிச் சொன்னேன். அவர் என்ன பொய் என்று கேட்கவில்லை. மூன்று முறை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தேன். கடவுளையே ஏமாற்றினேன் என்று பெருமை இல்லை.

நீ கல்யாணம் செய்துகொள்வாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது. செய்துகொண்டால் ஒன்றை மட்டும் உன் அப்பனைப் பார்த்துக் கற்றுக்கொள், எப்படிச் செய்யக்கூடாது என்று. தப்பு நடந்த அன்றைக்கே சொல்லிவிட்டால் அது தப்பாக மட்டும் இருக்கும். மறுநாள் சொல்ல வேண்டுமென்றால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு வருடம் கழித்து அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாக இருக்கிறது. நான் உன்னைவிட ஒரு முதலாளியின் வார்த்தையை அதிகம் நேசித்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் என்னால் யோசிக்க முடியவில்லை. அவர் போன தை மாதமே எனக்குக் கண் மங்குகிறது என்று சொல்லி வேறு டிரைவர் வைத்துக்கொண்டார். கோபமில்லை. கண் மங்கத்தான் செய்கிறது.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் உனக்கு அனுப்புவது இன்னொரு திருட்டுத்தனம் என்று பட்டது. இறால் உரித்துக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கும்வரை உரித்துக்கொண்டே இருந்தாள். அப்பா பார்த்து வைத்திருப்பார் என்று அவள் சொன்ன இடம் வந்தபோது மட்டும் கை நின்றது, பிறகு மறுபடியும் உரித்தாள். நான் காகிதத்தை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏசுவாள், அடிப்பாள், எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் கையைக் கழுவினாள், கோலை எடுத்தாள். "பூத்துக்குப் போறேன்" என்றாள். பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். "வேணாம், விடு" என்றாள். இருபத்தாறு வருடத்தில் என்னை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

பத்தடி விட்டுப் பின்னால் நடந்தேன். நீங்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நீண்ட நேரம் அவள் பேசினாள், அதைவிட நீண்ட நேரம் நீ பேசியிருக்க வேண்டும், ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். வெளியே வந்ததும், "என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"உன்கூடப் பேச மாட்டானாம்."

சரி என்றேன். அவள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே நின்றாள். "பொட்டலத்துல இருந்த நட்டுக்கு வாய் சரிவா, தட்டையான்னு கேக்கிறான். அலாய் நட்டுக்கு எப்படின்னும் கேக்கிறான். மூணு வாட்டி கேட்டான். எனக்கு என்னா தெரியும்? எழுதிப் போடச் சொல்லு, படம் போட்டு, கையெழுத்துப் போட்டுன்னு சொல்லிட்டான்."

வாய்ச்சொல்லாக என்னிடமிருந்து எதையும் இனி நீ வாங்கிக்கொள்ள மாட்டாய். சரிதான். மதியம் வாய்க்காலில் இறங்கித் துழாவிப் பார்த்தேன், இடுப்பளவு சேறு, ஒன்றும் அகப்படவில்லை. என் சொல்லைத் தவிர உனக்குக் காட்ட என்னிடம் சாட்சி கிடையாது. இருந்த சாட்சியையும் நானே தூக்கிப் போட்டேன். ஆகவே நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், கீழே படமும் போட்டிருக்கிறேன், கோடு கோணியிருந்தால் பொறுத்துக்கொள். பொட்டலத்து நட்டுக்கு வாய் சரிவு, சக்கரத்து ஓட்டைக்குள் போய்க் கவ்விப் பிடிக்கும். அலாய் நட்டுக்குக் கழுத்து நீளம், அடி தட்டை. இரும்புச் சக்கரத்தில் அது கவ்வவே கவ்வாது. நீ அதன் மேல் ஏறி நின்றாலும், உலகத்தில் யார் ஏறி நின்றாலும், அந்தச் சக்கரம் வீடு வந்து சேர்ந்திருக்காது.

இப்படிக்கு, கையெழுத்துப் போட்டு,
உன் அப்பா